வயரைச் சேர்த்துக் கட்டச் சொன்னவர் யார்?



தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொண்டால் முதல் கடிதம் யாருக்கு வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் அறையில் நின்ற தொழிலாளிக்கு வரும். கொழுந்து லொறி ஏற்றத்தில் ஆவி கக்கி நின்றுபோனால் சாரதிக்கு வரும். "கவனக்குறைவினால் நிர்வாகத்துக்கு நட்டம் ஏற்படுத்தியமை" என்ற அதே வரிதான் எல்லாக் கடிதத்திலும். பெயரும் திகதியும் மட்டும் மாறும். விசாரணைக்குப் போகும் நமது தலைவர்மாரும் பெரும்பாலும், "பிள்ளைகுட்டிக்காரன், இந்த ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றே பேசிவிட்டு வருகிறார்கள். கெஞ்சுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கூலன்ட் குறைந்தபோது எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? எரியவில்லை என்றால் ஏன் எரியவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சின்னச் சாமான் எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது, எப்படிக் கெடுக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சங்கப் பத்திரிகையில் எஞ்சின் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வேலை போகிற இடம் அதுவென்றால் பாடமும் அங்கேதான் நடக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இன்று வரும் பெரிய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டரின் மேல் தொட்டியிலோ தனியாக வைத்த கூலன்ட் தொட்டியிலோ மட்டம் பார்க்கும் சென்சர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். நம் கண்ணில் அதிகம் படுபவை இரண்டு வகை. ஒன்று மிதவை வகை. உள்ளே காந்தம் வைத்த சிறு மிதவை கூலன்டோடு ஏறி இறங்கும்; இறங்கும்போது சுவிட்ச் ஒன்று மாறும். மற்றது முனை வகை. உலோக முனையொன்று கூலன்டுக்குள் நனைந்து நிற்கும். கூலன்ட் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்துவதால் முனை நனைந்திருக்கும்வரை சுற்று பூர்த்தியாகும், வற்றினால் அறுந்துவிடும். செய்தி எஞ்சினின் கணினிப் பெட்டிக்கு அல்லது ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போகிறது. முதலில் விளக்கு எரியும். மட்டம் இன்னும் இறங்கினால் எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைக்கும், அல்லது நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

"வெப்பமானி இருக்கிறதே, அதைப் பார்க்காமல் என்ன செய்தாய்?" என்பது விசாரணையில் வழக்கமாக வரும் அடுத்த கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல்தான் நம்மவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். வெப்பமானியின் முனை கூலன்டுக்குள் அமிழ்ந்திருந்தால்தான் அது சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் வடிந்து முனையைச் சுற்றிக் காற்றும் ஆவியும் மட்டும் இருக்கும்போது எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்க, முள் சாதாரண இடத்திலேயே நிற்கலாம். சிலவேளை கீழேகூட இறங்கும். மட்டச் சென்சரைத் தனியாக வைத்ததற்கு இதுவே காரணம். ஆகவே மட்டச் சென்சரை ஊமையாக்கிவிட்டு "வெப்பமானியைப் பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்வது அறிவீனம், அல்லது அதைவிட மோசமானது.

மலைநாட்டில் இன்னொரு விசயமும் சேர்கிறது. கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். லயத்தில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. கூலன்டில் கலந்த கிளைக்கோலும் கொஞ்சம் உயர்த்துகிறது. மூடியின் றப்பர் தேய்ந்து, தொட்டியில் வெறும் நீர் ஊற்றியிருந்தால் கொழும்பில் தாக்குப்பிடிக்கும் எஞ்சின் நம் ஏற்றங்களில் தாக்குப்பிடிக்காது. மூடி சின்னச் சாமான். அதைக்கூட மாற்றித் தராத தோட்டங்கள் உண்டு.

கடந்த ஆண்டு நமது கிளைக்கு வந்த ஒரு பிரச்சினையைச் சொல்கிறோம். விசாரணை முடியாததால் தோட்டத்தின் பெயர் வேண்டாம். தொழிற்சாலை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் ஹெட் வெடித்துவிட்டது. தொட்டி காய்ந்து கிடந்தது. எஞ்சின் அறைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யப்பட்டார்; திருத்தச் செலவைச் சம்பளத்தில் தவணையாகப் பிடிப்பதாகவும் எழுதினார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். மட்டச் சென்சருக்குப் போகும் இரண்டு வயர்களும் செருகியிலிருந்து வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தன. டேப் பழையது, எண்ணெயும் தூசியும் ஏறி வயரோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த மிதவைச் சென்சரில் சுற்று மூடியிருந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வயரை முறுக்கிய நாளிலிருந்து அந்த ஜெனரேட்டரின் கணக்கில் தொட்டி நிறைந்தே இருந்திருக்கிறது, காய்ந்து வெடித்த அன்றும்கூட.

எப்போது முறுக்கினார்கள்? 2022இல் என்றார் தொழிலாளி. அந்த ஆண்டை நாம் மறக்கவில்லை. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. டீசலுக்கு வரிசை. டொலர் இல்லாமல் உதிரிப்பாகமும் கூலன்டும் வருவது அரிது. தொழிற்சாலைகள் ஜெனரேட்டரை நம்பியே ஓடின. சென்சர் பழுதாகிக் காரணமில்லாமல் எஞ்சினை நிறுத்தத் தொடங்கியதும் "வயரைச் சேர்த்துக் கட்டு, பிறகு பார்ப்போம்" என்று வாய்ச்சொல்லாக உத்தரவு வந்திருக்கிறது. பிறகு யாரும் பார்க்கவில்லை. சொன்னவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். கட்டியவர் அறையிலேயே இருந்தார்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அரைத்த கொழுந்து காத்திருக்காது. டிரையர் ஓடும் நேரத்தில் பொய் எச்சரிக்கையால் ஜெனரேட்டர் நின்றால் ஒரு நாள் தேயிலை தரம் கெட்டுப்போகும். அந்த நட்டம் கடைசியில் நம் தலையிலும் விழும். அவசரத்துக்கு ஓரிரு நாள் சென்சரை விலக்கி ஓட்ட வேண்டியும் வரலாம். அப்படியென்றால் உத்தரவை எழுத்தில் தரட்டும், முடிவுத் திகதி போடட்டும், அந்த நாள்களில் மணிக்கொரு தரம் மட்டம் பார்க்க ஆள் நிறுத்தி அதற்குச் சம்பளமும் கொடுக்கட்டும். வாய்ச்சொல்லில் வயரை வெட்டச் சொல்லிவிட்டு மூன்று ஆண்டு கழித்துக் கவனக்குறைவு என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியாது.

பாடசாலை விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது இதை உடுவிலில் விசாரித்தோம். காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடம், சுன்னாகம் பக்கத்துக் கராஜ்களில் நமது தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் வேலை பழகுகிறார்கள். ஒருகாலத்தில் நம் பிள்ளைகள் வடக்கே போனதெல்லாம் பெரும்பாலும் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும்தான். கையில் தொழிலோடு நிற்பதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. அங்கே வேலை செய்யும் எங்கள் பழைய மாணவன் ஒருவன் லொறியொன்றிலிருந்து கழற்றிய சென்சரைக் கொண்டுவந்து காட்டினான். முனை முழுக்க வெள்ளைப் பொருக்கு.

"டீச்சர், இது செத்துப்போகல. சுண்ணாம்பு மூடிப்போச்சு. அவ்வளவுதான்" என்றான்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைக் கிணற்றில் இறைத்துத்தான் உடுவிலின் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றன. அந்த நீர் வன்னீர். கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதே நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் எஞ்சினுக்குள்ளும் அதே படிவுதான். சென்சரின் முனையில் படிந்தால் மின்சாரம் கடக்காது. தொட்டி நிறைந்திருந்தும் விளக்கு எரியும். மிதவையில் படிந்தால் அது நின்ற இடத்திலேயே இறுகிவிடும். தொட்டி வற்றினாலும் விளக்கு எரியாது. முதலாவது தொல்லை. இரண்டாவது ஆபத்து.

நம் பக்கத்து ஓடைநீர் மென்னீர், ஆகவே ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்பு படியாது, துரு பிடிக்கும். துருச் சேறு முனைக்கும் உடலுக்கும் நடுவே தேங்கினால் கூலன்ட் இல்லாதபோதும் சுற்று பூர்த்தியாகி, நிறைந்திருப்பதாகவே சொல்லும். வடித்த நீரை மட்டும் ஊற்றினாலும் சரிவராது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது என்பதால் முனை வகைச் சென்சர் சில எஞ்சின்களில் வெறுமையென்று நினைத்துக்கொள்ளும். கூலன்டையும் வடித்த நீரையும் எஞ்சின் புத்தகத்தில் சொன்ன அளவில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, கலந்து ஊற்றுவதே முறை. இந்த விசயத்தில் நம் சாரதிகள் சிலரையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வழியில் ஓடையில் அள்ளி ஊற்றினால் அதை டிப்போவுக்கு வந்ததும் சொல்லுங்கள், புத்தகத்தில் எழுதுங்கள். மறைத்தால் நாளைக்கு அது உங்களுக்கு எதிராகவே வரும்.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது? அந்தப் பிள்ளை காட்டியதை அப்படியே சொல்கிறோம். எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் நிற்கும் கூலன்ட் முகத்தில் பாயும். யார் அவசரப்படுத்தினாலும் திறக்காதீர்கள். வேலையில் ஏற்படும் இத்தகைய காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் கோரிக்கை வைக்கலாம், ஆனால் எந்தச் சட்டமும் கண்ணைத் திருப்பித் தராது. ஆறிய பின் சென்சரை விட்டுவிட்டு உங்கள் கண்ணால் மட்டத்தைப் பாருங்கள். உண்மையாகவே குறைந்திருந்தால் நிரப்பினால் மட்டும் போதாது, எங்கே போனதென்று தேட வேண்டும்: ஹோஸ் பொருத்துகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, மூடியின் றப்பர், எஞ்சின் எண்ணெய் பால்போல மாறியிருக்கிறதா, புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா.

மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதென்றால் பெரும்பாலும் பிழை செருகியில்தான். கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்த ஊசி, உள்ளே புகுந்த நீர், எங்கோ உரசித் தோல் உரிந்த வயர். அதன் பிறகு மீற்றர். கணினிப் பெட்டி உள்ள பல எஞ்சின்களில் சென்சருக்கு 5 வோல்ற் வர வேண்டும். வராவிட்டால் சென்சரை மாற்றிப் பயனில்லை, வயரைத்தான் தேட வேண்டும். எல்லாம் சரியென்றால் கடைசியாகச் சென்சரைக் கழற்றி மென்மையான துணியால் துடைத்து, மிதவையென்றால் கையால் ஏற்றி இறக்கி, சுவிட்ச் மாறுகிறதா என்று மீற்றரில் பார்க்கலாம். கம்பித் தூரிகை போடாதீர்கள். பல இடங்களில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, நல்ல சென்சரை எறிந்துவிட்டுப் புதிதை வாங்கிப் போட்டு, மறுநாளே விளக்கு எரிய, பிறகு வயரை வெட்டிவிடுகிறார்கள்.

யாரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு. விளக்கு எரியாமலே இருக்கும் எஞ்சினில், ஆறிய நேரத்தில், கூலன்டைக் கொஞ்சம் வடித்துவிட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தால் வடித்ததைத் திரும்ப ஊற்றிவிடலாம். அரை மணித்தியால வேலை. மாதத்துக்கு ஒருமுறை செய்து புத்தகத்தில் கையொப்பம் வைத்தால் மேலே சொன்ன ஜெனரேட்டர் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

வடித்த பழைய கூலன்டைத் தரையில் ஊற்றாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கிளைக்கோல் நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிவிடும். உடுவில் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை நாடே அறியும். மக்கள் மணக்கிறது என்று சொன்னபோது கேட்கப்படவில்லை. அடிப்படை உரிமை மனுவொன்று உயர் நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில் தனியார் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது. அங்கே கிணறு, இங்கே பீலி. தொழிற்சாலைக்குக் கீழேதான் நம் லயங்கள் இருக்கின்றன. பழைய கூலன்டைச் சேர்த்து வைக்கப் பீப்பா தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

இனி விசாரணை மேசைக்கு வருவோம். கணினிப் பெட்டி உள்ள எஞ்சின்கள் தங்கள் பிழைகளைத் தாங்களே பதிந்து வைக்கின்றன. கம்மின்ஸ் வகையில் 197 என்றால் கூலன்ட் குறைந்துவிட்டது, 235 என்றால் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. 195, 196 என்றால் கூலன்டைப் பற்றிய பேச்சே இல்லை. சென்சரின் மின்சுற்றில் பிழை. வேறு கம்பனிகள் இலக்கத்தை வேறாக வைத்திருக்கலாம். பல புதிய எஞ்சின்களுக்குப் பொதுவான முறையில் இது 111 என்ற இலக்கத்தின் கீழ் வரும். இந்த வித்தியாசம் ஒரு தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றும். பதிவில் 195, 196 பல தடவை வந்திருந்தால் சென்சரின் சுற்று பழுதென்று எஞ்சின் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது, திருத்தவில்லை. 197 வந்து விளக்கும் எரிந்து, அதற்கு மேலும் ஓட்டியிருந்தால் அப்போது நம் ஆளிடம் கேள்வி கேட்கலாம், அதிலும் ஓட்டச் சொன்னது யார் என்பது உட்பட. எந்தப் பதிவும் இல்லாமல் எஞ்சின் வெடித்திருந்தால் உடனே வயரைப் பாருங்கள்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. எஞ்சின் சேதத்துக்காக யாரையும் விசாரணைக்கு அழைக்கும் முன் பிழைப் பதிவை வாசித்து அதன் பிரதியைச் சங்கத்துக்குத் தர வேண்டும். பதிவு வைக்காத பழைய ஜெனரேட்டர் என்றால் சென்சரையும் வயரையும் தொடாமல் வைத்து, சங்கப் பிரதிநிதி முன்னிலையில் சோதிக்க வேண்டும். நம்மவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. திருத்த வந்த பாஸ் முதலில் செய்வது அந்த முறுக்கை அவிழ்த்துப் புதுச் செருகி போடுவதுதான். சம்பளத்தில் பிடிப்பதைப் பொறுத்தவரை, 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் பிடிக்க முடியாது. "சம்மதிக்கிறேன்" என்று எழுதிய தாளில் எஞ்சின் அறையில் வைத்துக் கையொப்பம் கேட்டால் வைக்காதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு தலைவரிடம் வாருங்கள்.

மேலே சொன்ன தொழிலாளியின் விசாரணை மீண்டும் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. வயரின் படங்களையும், டேப் சுற்றிய நாளில் கூட நின்ற இருவரின் வாக்குமூலத்தையும் கிளை ஒப்படைத்துவிட்டது. 2022இன் எஞ்சின் அறைப் புத்தகத்தைக் கேட்டோம், காணவில்லை என்கிறார்கள். எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த பாடசாலை விடுமுறையில் அந்த மாணவனும் அவனோடு வேலை செய்யும் இன்னொரு பிள்ளையும் ஊருக்கு வருகிறார்கள். கிளை அலுவலகத்தில் ஒருநாள் எஞ்சின் அறைத் தொழிலாளருக்கும் சாரதிமாருக்கும் மீற்றர் பிடிக்கக் காட்டித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாளைச் சம்பளத்தோடு விடச் சொல்லித் தோட்ட நிர்வாகங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. வர விரும்புவோர் தோட்டத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். வரும்போது உங்கள் எஞ்சினில் கழற்றி எறிந்த பழைய சென்சர் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.